விட்டுப்போன அடிக்கோடு

ஏப்ரல் 3, 2025, வியாழன்

காலை பத்தரைக்குப் புதிய நிரல் ஓடத் தொடங்கியது. மூன்று மாத வேலை. என்னோடு வேலை செய்யும் சுபிதா கடைக்குப் போய் ரசவடை வாங்கி வந்தாள். கிருஷ்ணமணி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் இப்படியெல்லாம் செய்கிற முதலாளி இல்லை.

எங்கள் வடசேரி அலுவலகத்தில் ஆறே பேர். கடலில் எச்சரிக்கை என்றால் கரையோர மக்களின் போனுக்கு விளித்துச் சொல்லும் நிரல் எங்களுடையது. மேற்கே நீரோடி வரைக்கும் 1,412 எண்கள். அதில் ஒன்று என் அண்ணன் ஜெனினுடையது. ஆறு வருடமாக ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பில் ஓடியதைக் குவார்க்கஸுக்கு மாற்றியிருக்கிறோம். சின்ன சர்வரே போதும், சீக்கிரம் எழும்பும்.

ஆனால் இன்று முதலில் எழும்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. எங்கிருந்து எச்சரிக்கையை வாங்க வேண்டும், எந்த லைனில் விளிக்க வேண்டும் என்பதெல்லாம் நிரலுக்குள் இருக்காது. வெளியே, சர்வரில் பெயரும் மதிப்புமாக எழுதி வைத்திருக்கும் சூழல் மாறிகளில் இருக்கும். நிரல் எழும்பும்போது அவற்றைப் படித்து, தன் அமைப்புகளோடு பெயர் பொருத்திப் பார்த்து எடுத்துக்கொள்ளும். அமைப்பின் பெயரில் சிறுகோடு (-) இருந்தால், ஸ்பிரிங் வழக்கப்படி அதை விழுங்கிவிட்டு மாறிக்குப் பெயர் வைப்போம். குவார்க்கஸ் அந்த இடத்தில் ஓர் அடிக்கோட்டை (_) எதிர்பார்க்கும். சர்வரில் இருந்தவை எல்லாம் பழைய பெயர்கள். இது இல்லை, அது இல்லை என்று வரிசையாகக் கத்தியது. கத்தக் கத்த சுபிதாவும் நானும் அடிக்கோடு போட்டுக் கொடுத்தோம். பதினொரு பெயர்கள். அதன்பின் கத்தல் நின்றது.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது எதையோ அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் எச்சரிக்கை. பலத்த காற்று. கணக்குக் காட்டும் எங்கள் திரைப் பலகையில் ‘அனுப்பப்பட்டது 1,412’ என்று பச்சையாக வந்தது. பக்கத்தில் ‘எடுத்தவர்’ என்ற கட்டத்தில் பூச்சியம். சுபிதாவிடம் கேட்டேன். “அந்த ரிப்போர்ட்டு இன்னும் சேக்கல்லக்கா. ஈஸ்டர் கழிஞ்சு செய்யுகேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான்.

“ஏட்டி, இன்னைக்குக் காத்துன்னு ஒங்க கம்பெனியில இருந்து விளிச்சாங்களா? எனக்கி ஒண்ணும் வரல்ல.”

“எல்லாருக்கும் போயிருக்கு. நீ போன சைலண்ட்ல போட்டிருப்ப.”

“மீன் வெல கேட்டு நாலு பேரு விளிச்சானுவ. அது வந்திச்சே.”

“அப்போ நம்பர மாத்தியிருப்ப. ஆறு மாசத்துக்கு ஒரு சிம்மு ஒனக்கு.”

அவன் கை கழுவப் போனான். “அவன் சொல்லுகது என்னன்னு ஒருக்கா பாரேன் மக்கா” என்றாள் அம்மா. நான் தட்டோடு எழுந்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரியும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் நடக்கும்போதும் அந்தப் பூச்சியம்தான் கண்முன் நின்றது. திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

பார்க்கவில்லை. ஈஸ்டர் வந்தது, அம்மாவுக்குக் காய்ச்சல், அப்புறம் சார் சொன்ன வேறு வேலை. நேற்று இரண்டாவது எச்சரிக்கை போனது, அலை உயரும் என்று. 1,412. பூச்சியம்.

ஒருவரும் புகார் சொல்லவில்லை. சொல்லப்பட்ட அலை வரவே இல்லை. வராத அலைக்கு வராத விளியை யார் தேடப் போகிறார்கள்?

இதை ஏன் இப்படி எழுதினேன்? விளி வரவில்லை என்று எனக்கு யார் சொன்னது? அண்ணன் ஒருவன். அவ்வளவுதான்.

மே 2, வெள்ளி

நேற்று மூன்றாவது. அண்ணனிடம் வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வரவில்லை என்று சொல்லிவிடுவானோ என்று இருந்தது.

மே 6, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் சுபிதா ரிப்போர்ட்டைச் சேர்த்து முடித்தாள். பழைய எச்சரிக்கைகளுக்கும் கணக்கெடுத்துப் பார்த்தோம். அப்போதும் பூச்சியம். மூன்று நாளுக்கும் பூச்சியம். ஆயிரத்து நானூறு பேரில் ஒருவர்கூடவா எடுக்க மாட்டார்? ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமே அதன் அமைப்புகளைக் காட்டச் சொன்னேன்.

alert.dry-run: true

சோதனை ஓட்டம். அது true என்றால் நிரல் எல்லாவற்றையும் செய்யும். எச்சரிக்கையைப் படிக்கும், எண்களை எடுக்கும், ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதி வைக்கும். விளிக்க மட்டும் செய்யாது.

அதை true என்று வைத்தது நான்தான். இரண்டு வருடம் முன்பு என் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்கும்போது கைதவறி உண்மையிலேயே எல்லோருக்கும் விளி போய், கடல் வருகிறது என்று ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடினார்கள். அதன்பின் இயல்பு மதிப்பை, அதாவது வெளியே ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் நிரல் தானாக எடுத்துக்கொள்வதை, true ஆக்கினேன். உண்மையில் விளிக்கும் சர்வரில் மட்டும் ALERT_DRYRUN=false என்று ஒரு மாறி. புதிய நிரல் தேடுவது ALERT_DRY_RUN. நடுவில் ஓர் அடிக்கோடு. மற்ற பதினொன்றும் இல்லாதபோது நிரல் கத்தியது. இதற்குக் கத்தவில்லை. இதற்குத்தான் நான் வைத்த இயல்பு மதிப்பு இருக்கிறதே. வாயை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டாவது பெயர். கத்தல் நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஐந்து வாரமாக ஒரு போன்கூட அடிக்கவில்லை.

கிருஷ்ணமணி சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு நிமிஷம் சார். பேர மாத்திட்டு நிரல ஒருதடவ நிறுத்தி எழுப்பணும்.”

“வியாழக்கெழமை நம்ம நிரலப் பாக்க அவ்வளவு பேரு வாறாங்க, பெமிலா. மூணு எச்சரிக்க போயிருக்குன்னு அவங்களுக்கு ரிப்போர்ட்டும் குடுத்தாச்சு. இப்பம் மாத்தி, பலகையில எடுத்தவருன்னு பூச்சியமும் தொள்ளாயிரமும் பக்கத்துல பக்கத்துல நின்னா என்ன பதில் சொல்லுவ? ஞாயித்துக்கெழம வரைக்கும் கடலு அமைதின்னு போட்டிருக்கான். இப்பம் தொடாண்டாம். வெள்ளிக்கெழம காலையில நானே கூட இருந்து மாத்துகேன்.”

அவர் கெட்டவர் இல்லை. சுபிதாவின் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் தன் வண்டியிலேயே நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

நான் தலையாட்டினேன்.

மே 7, புதன்

கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது. அண்ணன் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். “என்னட்டி?” என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

சர்வரின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஒரே ஓர் அடிக்கோடு. எதற்காகக் காத்திருக்கிறேன்?

மே 8, வியாழன்

கடல் ஏறிவிட்டது. எழுத முடியவில்லை.

மே 9, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்க வேண்டும். இன்று எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குத் தோதாக மாற்றி எழுதிவிடுவேன்.

நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் ஹால். நிரலைப் பார்க்க வந்த விருந்தாளிகள் பன்னிரண்டு பேர். பெரிய திரையில் எங்கள் பலகை. சார் பேசிக்கொண்டிருந்தார். 11.42க்குத் திரையின் மேலே சிவப்புப் பட்டை வந்தது. முதலில் சோதனைக்காக யாரோ அனுப்பியது என்றுதான் நினைத்தேன். படித்தேன். கள்ளக்கடல். காற்றும் மழையும் இல்லாமல் எங்கோ தூரத்திலிருந்து வந்து கரையில் ஏறும் அலை. பிற்பகல் இரண்டரையிலிருந்து. கரையில் யாரும் நிற்க வேண்டாம், வள்ளங்களை மேலே ஏற்றவும்.

பட்டை பச்சையானது. அனுப்பப்பட்டது 1,412. பத்து நொடிகூட ஆகவில்லை.

கைதட்டினார்கள். “எவ்வளவு வேகம்!” என்றார் ஒருவர். நான் சாரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே நின்றார். அந்த ஹாலில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒரு போனும் அடிக்கவில்லை என்று.

மாடிப்படிக்கு ஓடி அண்ணனுக்கு விளித்தேன். எடுத்தான்.

“கள்ளக்கடல் வருது. ரெண்டர மணிக்கு. எல்லாரையும் வள்ளத்த மேலே ஏத்தச் சொல்லு.”

“எனக்கி ஒண்ணும் வரல்லியே.”

“வராது அண்ணா. ஒருத்தருக்கும் வராது. கோவில் மைக்குல சொல்லச் சொல்லு, ஓடு!”

ஓடினான். அவனுக்கு மூச்சு இரைப்பது போனில் கேட்டது.

அடுத்து அலுவலகத்தில் இருந்த சுபிதா. பெயரை மாற்று, நிறுத்தி எழுப்பு என்றேன். “சார்ட்ட கேக்காமலா?” என்றவள் என் குரலைக் கேட்டுச் செய்துவிட்டாள். ஹாலில் திரை கறுத்து மறுபடி வந்தது. ஆனால் விளி போகவில்லை. நிரலின் கணக்குப்படி இந்த எச்சரிக்கை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. அனுப்பியதை அது மறுபடி அனுப்பாது. ‘அனுப்பப்பட்டது’ என்ற அந்தக் குறியை அழிக்கும் அனுமதி சாரிடம் மட்டும்தான் இருக்கிறது.

உள்ளே போனேன். சாப்பாடு தொடங்கியிருந்தது. குனிந்து அவர் காதில் சொன்னேன். “இவங்க போகட்டு. ஒரு பத்து நிமிஷம்” என்றார் உதடு அசையாமல்.

அங்கேயே உரக்கச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே நூறு பேருக்கு விளித்திருப்பார்கள். என் வாய் திறக்கவில்லை. ஏன்? வேலை போய்விடும் என்றா? சாருக்கு அவமானம் என்றா? தெரியவில்லை. தெரியவே இல்லை.

படியில் உட்கார்ந்து, பட்டியலைப் போனில் திறந்து, ஒவ்வொருவராக விளித்தேன். பட்டியல் ஊர் ஊராக இருந்தது. முதலில் எங்கள் ஊர்க்காரர்களை விளித்தேன். அண்ணன் மைக்கில் சொல்லியிருப்பான் என்று தெரிந்தும் எங்கள் ஊரைத்தான் விளித்தேன். சிலர் எடுக்கவில்லை. சிலர் யார் எவர் என்று விசாரித்தார்கள். நாற்பத்து மூன்று பேர். அதற்குள் மணி இரண்டாகிவிட்டது.

2.10க்குச் சார் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. லேப்டாப்பை வாங்கித் தானே குறியை அழித்தார். 2.15க்கு விளி போகத் தொடங்கியது.

கடல் இரண்டரை வரை காத்திருக்கவில்லை. மேற்கே 2.20க்கு ஏறியது.

எங்கள் ஊரில் இரண்டு வள்ளம் உடைந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. மேற்குக் கரையில் ஓர் ஊரில் ஒருவர் போய்விட்டார். ஸ்டெனி. இருபத்தேழு வயது. வள்ளத்தைப் பிடித்துக் கட்டியிருக்கிறார். அலை தூக்கி, கடலைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கல்லில் அடித்துவிட்டது.

நாற்பத்து மூன்றில் அவர் எண் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

மே 12, திங்கள்

ஸ்டெனியின் சாவை விசாரிக்கும் அதிகாரிக்குச் சார் ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறார். ‘காலை 11.42க்கும் பிற்பகல் 2.26க்கும் என இரண்டு முறை அழைத்தும் இறந்தவர் எடுக்கவில்லை.’ நிரலின் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே அவர் கையெழுத்து. அதன் கீழே என் பெயருக்கு இடம்.

“நாளைக்குப் போடுகேன் சார்” என்றேன்.

“நீயும் நானும் மட்டும் இல்ல பெமிலா. ஆறு குடும்பம்” என்றார்.

மே 13, செவ்வாய்

அண்ணன் மேற்கே போய்விட்டு வந்தான். சாரின் அறிக்கை எப்படியோ அங்கேயும் எட்டியிருக்கிறது. பேச்சு இப்படி: ரெண்டு தடவ விளிச்சும் எடுக்கல்லியாம், அவன் குடிச்சிட்டுக் கெடந்திருப்பான்.

“அவன் குடிக்க மாட்டான்” என்றான் அண்ணன். என்னையே பார்த்தான். ‘வராது அண்ணா, ஒருத்தருக்கும் வராது’ என்று அன்று நான் சொன்னதை அவன் மறக்கவில்லை.

மே 14, புதன்

போனேன். ஸ்டெனியின் வீட்டுக்கு அண்ணன் பைக்கில் கொண்டுவிட்டுத் தெருமுனையிலேயே நின்றுகொண்டான்.

ஸ்டெனியின் மனைவி பெயர் லிஜி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அறிக்கை விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது. நான் யார் என்று சொல்வதற்குள் ஸ்டெனியின் போனை எடுத்து வந்து நீட்டினாள். கரையில் கழற்றி வைத்த சட்டைப் பையில் இருந்ததாம்.

“நீங்களே பாருங்கக்கா. ஒரே ஒரு விளிதான் இருக்கு. ரெண்டு இருவத்தாறு. அப்பம் அவங்க போயிட்டாங்க. காலையில ஒண்ணும் வரல்ல. அவங்க எடுக்காம இருந்தாங்கன்னு சொல்லுகாங்களே.”

“காலையில ஒருத்தருக்கும் போகல்ல” என்றேன். “நான் எழுதினதுல தப்பு. ஒரு பேரு பொருந்தாம விட்டுப்போச்சு. போகாமலே போச்சுன்னு எழுதி வச்சிருக்கு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“ஒங்களுக்கு எப்பம் தெரியும்?”

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை, திரையில் பார்த்தபோது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை.

“செவ்வாய்க்கெழம” என்றேன். “கடலு ஏறுகதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி.”

லிஜி எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அண்ணன் வந்து கூப்பிட்டான்.

மே 16, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. நாலு பக்கம் எழுதி, விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். எந்தப் பெயர், எந்த அடிக்கோடு, எந்த நாள், யாரிடம் சொன்னேன், நான் எப்போது தலையாட்டினேன் எல்லாம். இயல்பு மதிப்பு என்றால் என்ன என்று அவருக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. “ஒண்ணும் எழுதி வைக்காட்டா அதுவா ஒண்ண நெனச்சுக்கும், அப்படித்தானே?” என்றார். அப்படித்தான்.

வேலையை விட்டுவிட்டேன். விட்டேன் என்று எழுதுகிறேன். இனி அங்கே எப்படிப் போவது?

மே 20, செவ்வாய்

இந்த நான்கு நாளில் சார் ஆறு முறை விளித்தார். நான் எடுக்கவில்லை. அம்மா கேட்கிறாள், ஜெயிலில் போடுவார்களா என்று. தெரியாது அம்மா.

ஜூன் 6, வெள்ளி

சாரும் வாக்குமூலம் கொடுத்துவிட்டாராம். சுபிதா சொன்னாள். நான் எழுதிய தேதிகளும் அவர் சொன்னவையும் ஒன்றாக இருக்கின்றனவாம். ‘பெமிலா செவ்வாய்க்கிழமையே சொன்னாள், நிறுத்தி வைத்தது நான்’ என்று எழுதியிருக்கிறாராம்.

ஜூன் 15, ஞாயிறு

அறிக்கையிலிருந்து ‘எடுக்கவில்லை’ என்ற வரியை நீக்கிவிட்டார்கள். ஸ்டெனியின் ஊர்க் கோவிலில் திருப்பலிக்குப் பிறகு திருத்திய அறிக்கையை வாசித்தார்களாம். அண்ணன் வந்து சொன்னான். லிஜி அங்கே இருந்தாளா என்று கேட்டேன். முதல் வரிசையில் இருந்தாள் என்றான்.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டெனிக்கு நாற்பத்தொன்றாம் நாள் திருப்பலி. அண்ணன் போனான். நான் போகவில்லை.

ஜூலை 5, சனி

வழக்கு நடக்கிறது. அதில் என் பெயரும் சார் பெயரும் இருக்கின்றன. திங்கள்சந்தையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நிரலை வேறு ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள், சுபிதா அவர்களோடு இருக்கிறாள். அந்த இயல்பு மதிப்பை எடுத்துவிட்டார்களாம். பெயர் பொருந்தாவிட்டால் இப்போது எழும்பவே எழும்பாதாம்.

மாலை நாலரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு விளி.

“நான் லிஜி.”

“மத்தியானம் அவங்க போனுக்கு விளி வந்திச்சு. கடலு ஏறும், கரையில நிக்காண்டாம்னு.”

பட்டியலில் அந்த எண்ணை யாரும் நீக்கவில்லை. மன்னிச்சிரு லிஜி, இப்பவே சொல்லி எடுத்துவிடச் சொல்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன்.

“எடுக்காண்டாம்” என்றாள். “போனோட கரைக்கு ஓடினேன். கரையில கொஞ்சம் பேருதான் விளிய எடுத்திருந்தாங்க, மத்தவங்க போன வீட்டுல வச்சிட்டு வந்திருந்தாங்க. ஏழு வள்ளம் ஏத்தியாச்சு. இப்பந்தான் வீட்டுக்கு வந்தேன்.”

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் கடல் ஏறி இரைவது போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.